புண்ணுக்குக் கட்டு மாற்றுவது: எந்தப் புண்ணுக்கு எந்தக் கட்டு, எந்த வரிசையில்

மருந்துக்கடையில் போய் "புண்ணுக்குக் கட்ட ஏதாவது குடுங்க" என்று கேட்டால் பஞ்சு, ஒரு ரோலர் பேண்டேஜ், ஒரு பீட்டாடைன் பாட்டில் கிடைக்கும். பல வீடுகளில் மாசக்கணக்கில் ஓடுவது இந்த மூன்றுதான். பல வருஷம் டிரஸ்ஸிங் அறையில் வேலை பார்த்துவிட்டு இப்போது வீடுகளுக்குப் போய்க் கட்டு மாற்றுகிறேன். புதிதாகக் கட்டு மாற்றும் மகனோ மருமகளோ எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்தால், அவர்கள் கையில் குறை ஒன்றும் இல்லை. வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. கட்டை முதலில் வாங்கிவிடுகிறார்கள், புண்ணை அப்புறம் பார்க்கிறார்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு விஷயம் மனசில் இருக்கட்டும். ஆறுகிற புண்ணுக்கு ஈரம் வேண்டும். புதுத்தோல் ஓரத்திலிருந்து உள்பக்கமாக ஊர்ந்து வருகிறது. புண் காய்ந்து பொருக்கு கட்டிவிட்டால் அந்தப் பொருக்குக்கு அடியில் வழி தேடித்தான் அது வர வேண்டும், நாள் ஆகும். அதே புண் சொதசொதவென்று நனைந்து கிடந்தால் சுற்றியுள்ள நல்ல தோலும் ஊறிப் பிய்ந்துவிடும். கடையில் இருக்கும் அத்தனை வகைக் கட்டுகளும் இந்த ஈரத்தைச் சரிசெய்யத்தான்: சில ஈரம் தரும், சில இருக்கும் ஈரத்தைக் காக்கும், சில கூடுதலை உறிஞ்சும்.

1. முதலில் தீர்மானிக்க வேண்டியது: இது வீட்டில் கட்டும் புண்ணா?

அழுத்திப் பிடித்தும் 10 நிமிஷத்தில் ரத்தம் நிற்கவில்லை, உள்ளே எலும்போ நரம்போ தெரிகிறது, காயத்துக்குக் கீழே மரத்துப்போய்விட்டது, சிவப்பு நாளுக்கு நாள் பரவுகிறது, காய்ச்சலும் நடுக்கமும் வருகிறது என்றால் கட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், நேராக மருத்துவமனை. சர்க்கரை உள்ளவரின் பாதத்தில் புதிதாக வந்த எந்தப் புண்ணையும், கொசுக்கடி அளவு இருந்தாலும், ஒரு தடவையாவது மருத்துவர் பார்த்தாக வேண்டும். வலி இல்லை என்பதை வைத்துப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். உணர்ச்சி செத்துப்போன காலில் வலி எப்படி இருக்கும்?

நாய் கடித்திருந்தால் கட்டே போடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, திறந்தபடியே, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும். இறுக்கி மூடுவதும் அவசரப்பட்டுத் தையல் போடுவதும் அந்தக் காயத்துக்கு ஆகாது.

அழுக்குக் காயம் என்றால் கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேளுங்கள். 5 வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும், சுத்தமான சின்னக் காயத்துக்கு 10 வருஷம் கணக்கு.

2. கட்டைப் பிரிக்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

பாதியில் எழுந்து போய்க் கத்தரிக்கோல் தேடுவது எல்லார் வீட்டிலும் நடக்கும். புண் திறந்து கிடக்கும், கையுறையோடு அலமாரியைத் திறப்பார்கள், அதே கையோடு வந்து புண்ணைத் தொடுவார்கள். அதனால் முதலில் எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

துடைத்த ஒரு தட்டு, அதன்மேல் சுத்தமான காகிதம் அல்லது துணி. கிருமி நீக்கிய காஸ் (கட்டுக்கான மெல்லிய வலைத்துணி) துண்டுகள் ஒரு பாக்கெட், 100 மி.லி. சலைன் பாட்டில் ஒன்று, இரண்டு ஜோடி கையுறை (பழைய கட்டைக் கழற்ற ஒன்று, புதியது போட ஒன்று), கத்தரிக்கோல், மைக்ரோபோர் டேப், அழுக்குக் கட்டைப் போட ஒரு பை. டேப்பைத் தேவையான நீளத்தில் முன்னாடியே கிழித்துத் தட்டின் ஓரத்தில் ஒட்டி வைத்துவிடுங்கள். கையுறையோடு டேப்பின் நுனியைத் தேடுவது பெரிய பாடு.

சலைன் பாட்டிலைத் திறந்தால் அன்றைக்கு மட்டும்தான். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து வாரம் முழுக்க ஓட்டாதீர்கள், அதில் கிருமி வளர்வதைத் தடுக்க எதுவும் சேர்க்கவில்லை. சலைன் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, 9 கிராம் உப்பு கலந்து, ஆறவைத்துப் பயன்படுத்தலாம். குடிக்கத் தகுந்த சுத்தமான தண்ணீரும் பெரும்பாலான புண்களுக்குப் போதும்.

கட்டு மாற்றும்போது வலிக்கும் என்று தெரிந்தால், மருத்துவர் சொன்ன வலி மாத்திரையை அரைமணி நேரம் முன்னாடியே கொடுத்துவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். சோப்புப் போட்டு ஒரு நிமிஷமாவது கை கழுவுங்கள். கையுறை போடுவதால் கை கழுவ வேண்டாம் என்று ஆகாது.

3. பழைய கட்டைப் பிரிப்பது

ஒரு பெரியவரின் முழங்காலுக்குக் கீழே வெறும் காஸ் ஒட்டிக் காய்ந்திருந்தது. அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்க, மகன் ஒரே இழுப்பில் உரித்தார். துணி வந்த இடத்தில் ஊசி குத்தினாற்போல வரிசையாக ரத்தப் பொட்டுகள். "ரத்தம் வந்தா புண்ணு சுத்தமாகுதுன்னு அர்த்தம் தானே சிஸ்டர்?" என்றார் மகன். இல்லை. காஸின் கண்களுக்குள் புதுச்சதை வளர்ந்து நுழைந்திருந்தது, இரண்டு மூன்று நாளாக உடம்பு கஷ்டப்பட்டுக் கட்டியதைத்தான் அந்தத் துணி பிய்த்துக்கொண்டு வந்தது.

ஒட்டியிருந்தால் சலைனை ஊற்றி நன்றாக நனைத்து 5 முதல் 10 நிமிஷம் விடுங்கள். அப்புறமும் வராவிட்டால் இன்னும் கொஞ்சம் நனையுங்கள். டேப்பை மேல்நோக்கி இழுக்காமல், தோலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, தோலோடு தோலாக மடக்கி உரிக்க வேண்டும். வயதானவர்களின் தோல் காகிதம் மாதிரி, டேப்போடு கூடவே வந்துவிடும்.

கழற்றிய கட்டை உடனே சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். எவ்வளவு நனைந்திருக்கிறது, எந்த நிறத்தில் நனைந்திருக்கிறது, வெளியே ஒழுகியிருக்கிறதா, வாடை உண்டா என்று பாருங்கள். அடுத்த கட்டைத் தேர்வு செய்யத் தேவையான பாதி விவரம் அந்தப் பழைய கட்டிலேயே இருக்கிறது.

4. கழுவுவது, அதுவும் பார்ப்பதற்கு முன்

கையுறையை மாற்றிக்கொண்டு, சலைனை ஊற்றிக் கழுவுங்கள். 20 மி.லி. சிரிஞ்சில் எடுத்து மெதுவாகப் பீய்ச்சினால் ஒட்டியிருக்கும் கசடு வந்துவிடும். காஸால் துடைக்கும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு துடைப்புக்கும் புதுத்துண்டு. பஞ்சை நேராகப் புண்மேல் வைக்கக் கூடாது, அதன் நார் உள்ளே தங்கிவிடும்.

பீட்டாடைன், ஹைட்ரஜன் பெராக்சைடு, டெட்டால் எல்லாம் கிருமியைக் கொல்லும், கூடவே புதுச்சதை கட்டும் செல்களையும் கொல்லும். பெராக்சைடு ஊற்றி நுரை பொங்கினால் பலருக்கு ஒரு திருப்தி. சிவந்து ஆறிக்கொண்டிருக்கும் புண்ணில் அந்த நுரைக்கு வேலையே இல்லை. பீட்டாடைனுக்கு ஒரு இடம் உண்டு: கிருமி தொற்றிய புண்ணுக்குக் கொஞ்ச நாள், அப்புறம் கீழே சொல்லப்போகும் காய்ந்த கறுப்புக் குதிகாலுக்கு. தினமும், மாசக்கணக்கில் ஊற்றும் திரவம் அல்ல அது. தைராய்டு கோளாறு உள்ளவர் பெரிய புண்ணில் பூசும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கழுவியபின் சுற்றியுள்ள தோலை மட்டும் ஒற்றி உலர்த்துங்கள். தோல் ஈரமாக இருந்தால் எந்தக் கட்டும் ஒட்டாது. புண்ணின் உள்பக்கம் ஈரமாகவே இருக்கட்டும்.

5. இப்போது புண்ணைப் பார்ப்பது: நிறம், கசிவு, ஆழம், ஓரம்

நிறம் நான்கு. கறுப்பு என்றால் செத்த தோல். மஞ்சள், இழுத்தால் நூல் மாதிரி வருவது அழுகல் படலம். இதைச் சீழ் என்று நினைப்பவர்கள் உண்டு, ஆனால் சீழ் வழியும், இது ஒட்டிக்கொண்டிருக்கும். மாதுளை முத்துப் போலச் சிவந்து பொடிப்பொடியாக மேடு தட்டியிருந்தால் நல்ல புதுச்சதை. ஓரத்தில் முத்து நிறத்தில் இளஞ்சிவப்பாக ஒரு விளிம்பு உள்ளே வந்தால் புதுத்தோல், அதை உராயவிடாமல் காப்பது மட்டும்தான் வேலை.

கசிவை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. ஒரு நாள் கழித்தும் காஸ் காய்ந்திருந்தால் கசிவு குறைவு, ஈரமாக இருந்து வெளியே வராவிட்டால் நடுத்தரம், மேல்கட்டு வரை நனைந்தால் அதிகம்.

ஆழத்தை உங்கள் விரலால் துழாவாதீர்கள். பள்ளமா மேலோட்டமா என்பது கண்ணுக்கே தெரியும். பக்கவாட்டில் தோலுக்கு அடியில் பொந்து போயிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் அதை அளப்பது பழகியவரின் வேலை. கடைசியாக ஓரம். ரொம்ப நேரம் தண்ணீரில் இருந்த விரல் நுனி மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தால், இப்போது போடும் கட்டு கசிவுக்குப் போதவில்லை, அல்லது மாற்றும் இடைவெளி அதிகம்.

6. கட்டு வகைகள்: எதை எதற்கு

இங்கேதான் நிதானம் வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் பேர் பெரிதாக இருப்பதாலோ விலை கூட என்பதாலோ எந்தக் கட்டும் உங்கள் புண்ணுக்கு நல்லதாகிவிடாது.

வெறும் காஸ். மலிவு, எங்கேயும் கிடைக்கும், மேல்கட்டாகவும் பள்ளம் நிரப்பவும் நல்லது. சிவந்த புண்ணின்மேல் நேராகக் காய்ந்த காஸ் வைப்பதுதான் தப்பு. வேறு வழியே இல்லை என்றால் சலைனில் நனைத்துப் பிழிந்து வைத்து, காயும் முன் மாற்றுங்கள். அதாவது ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை.

பாரஃபின் காஸ். எண்ணெய்ப் பசை ஊட்டிய வலைத்துணி, ஒட்டாது. சிராய்ப்பு, மேலோட்டமான தீக்காயம், தோல் எடுத்து ஒட்டிய இடம் இவற்றுக்கு முதல் தேர்வு. குளோர்ஹெக்சிடின் கலந்தது பாக்டிகிராஸ் என்ற பேரில் கிடைக்கும். இது எதையும் உறிஞ்சாது, எனவே மேலே காஸ் பேட் வைத்தாக வேண்டும். இதை மட்டும் வைத்து டேப் ஒட்டிவிட்டு "ஒழுகுதே" என்று கேட்பவர்கள் நிறைய.

தீக்காயம் என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சுட்டவுடன் 20 நிமிஷம் ஓடும் குழாய்த் தண்ணீர், அதற்கு அப்புறம்தான் கட்டு. பற்பசை, மஞ்சள், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம், கொப்புளத்தை உடைக்க வேண்டாம். வாழையிலையில் கிடத்துவது நம் பக்கத்துப் பழக்கம், அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது: இலையின் மெழுகுப் பரப்பு ஒட்டாது, குளிர்ச்சி. மும்பையில் மருத்துவர்கள் இதைத் தீக்காயக் கட்டாகவே சோதித்து 2003 வாக்கில் ஆய்வு வெளியிட்டார்கள், ஒட்டாமல் வலியில்லாமல் வருவதாகக் கண்டார்கள். ஆனால் அவர்கள் பயன்படுத்தியது ஆட்டோகிளேவில் கிருமி நீக்கிய இலை. கொல்லையில் அறுத்த இலையைத் தோல் உரிந்த இடத்தில் வைக்காதீர்கள்.

ஒளிபுகும் ஃபிலிம். டெகாடெர்ம் மாதிரியான மெல்லிய தாள். நீராவியை வெளியே விடும், தண்ணீரையும் கிருமியையும் உள்ளே விடாது. கசிவே இல்லாத மேலோட்டக் காயம், தையல் போட்ட இடம், ஊசிக்குழாய் நிற்கும் இடம் இவற்றுக்குப் பொருத்தம், 7 நாள் வரை இருக்கலாம். கசியும் புண்மேல் ஒட்டினால் உள்ளே குளம் கட்டிவிடும்.

ஹைட்ரோகொலாய்டு. டுவோடெர்ம் போன்றவை. தோல் நிறத்தில் ரப்பர் வில்லை மாதிரி இருக்கும், புண்ணின் ஈரத்தைக் குடித்து ஜெல்லாக மாறும். கசிவு குறைந்த, கிருமி தொற்றாத, மேலோட்டமான படுக்கைப்புண்ணுக்கு அருமை. 3 முதல் 7 நாள் வரை தொடவே வேண்டாம்.

ஒரு வீட்டில் இதை ஒட்டிவிட்டு வந்தேன், நாலாம் நாள் போன். "சிஸ்டர், அத்தைக்கு உள்ளே சீழ் பிடிச்சிருச்சு, நாத்தம் தாங்கல." போய்ப் பார்த்தால் பழுப்பு மஞ்சளில் கொழகொழவென்று ஒரு திரவம், புளித்த வாடை. சலைன் ஊற்றிக் கழுவினேன், அடியில் புண் சிவந்து, போன வாரத்தைவிடச் சின்னதாகி இருந்தது. அது சீழ் இல்லை, வில்லை கரைந்த ஜெல். கழுவாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். கழுவியபின்னும் வாடை அடித்து, சுற்றிலும் சிவந்து சூடாக இருந்தால் அது தொற்று. அப்போது இந்த வகையே கூடாது. காற்றுப் புகாமல் மூடிவிடுவதால் சர்க்கரைப் புண்ணில் மருத்துவர் சொல்லாமல் இதை ஒட்டாதீர்கள்.

ஹைட்ரோஜெல். பெரும்பகுதி தண்ணீர். காய்ந்த புண்ணுக்கும், மஞ்சள் படலத்தை ஊறவைத்துத் தானாகக் கழன்றுவரச் செய்யவும். குழாயில் வரும் ஜெல்லைப் புண்ணுக்குள் மட்டும் அரை செ.மீ. கனத்துக்குப் போட்டு, மேலே ஃபிலிமோ ஒட்டாத பேடோ வைக்க வேண்டும். ஒன்று முதல் மூன்று நாளில் மாற்றணும். கசியும் புண்ணில் இதைப் போடுவது நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல, ஓரமெல்லாம் வெளுத்துவிடும்.

ஆல்ஜினேட். பழுப்புக் கடல்பாசியிலிருந்து செய்யும், பஞ்சுத் தாள் மாதிரியான பொருள். இதில் இருக்கும் கால்சியம் புண்ணின் சோடியத்தோடு இடம் மாற, நார் ஜெல்லாகிறது; தன் எடையைப் போல 15, 20 மடங்கு உறிஞ்சும். கசிவு அதிகமான பள்ளப் புண்ணுக்கு இது. லேசான ரத்தக்கசிவையும் நிறுத்தும். காய்ந்த புண்ணில் வைத்தால் ஜெல்லாக ஈரம் இல்லாமல் அப்படியே ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது காஸைவிட மோசமாக வலிக்கும். நனைத்து வைக்கக் கூடாது, உலர்ந்தபடியே வையுங்கள்.

ஃபோம். பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச். நடுத்தரம் முதல் அதிகம் வரை கசியும் புண்ணுக்கு, பெரும்பாலும் நான் கையில் எடுப்பது இதைத்தான். மெத்தென்று இருப்பதால் குதிகால், இடுப்பு எலும்பு மேட்டில் உராய்வையும் குறைக்கும். 3 முதல் 7 நாள், நடுவில் ஓரம் வரை நனைந்தால் அப்போதே மாற்றலாம். எந்தப் பக்கம் புண்ணைப் பார்க்க வேண்டும் என்று பெட்டியைப் பாருங்கள். தண்ணீர் புகாத வெளிப்பக்கத்தைப் புண்மேல் வைத்து, ஃபோம் உறிஞ்சவே மாட்டேன் என்கிறது என்று வருத்தப்பட்ட ஒரு அம்மாவுக்கு நானே தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கிறேன்.

வெள்ளி கலந்தவை. தொற்று உள்ள புண்ணுக்கு மட்டும், இரண்டு வாரம் பார்த்துவிட்டு, தேறியதும் நிறுத்த வேண்டும். சில வெள்ளிக் கட்டுகளைச் சலைனில் நனைக்கக் கூடாது, உப்பிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீர்தான். தீக்காயத்துக்குப் பூசும் வெள்ளைக் களிம்பான சில்வர் சல்ஃபாடயசின் வேறு கதை: அது மேலே ஒரு வெளிர்ப்படலம் கட்டிப் புண்ணின் நிறத்தையே மறைத்துவிடும், சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது, இரண்டு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கூடவே கூடாது.

தேன். மருத்துவத் தேன் கட்டு என்று காமா கதிரால் கிருமி நீக்கியது தனியாக வருகிறது. கடைத் தேனில் கிருமியின் விதைகள் இருக்கலாம், அதைப் புண்ணில் ஊற்றாதீர்கள்.

உறிஞ்சு இயந்திரம். வாக் என்று மருத்துவமனையில் சொல்வார்கள். ஃபோமை வைத்து ஃபிலிம் ஒட்டி, வழக்கமாக 125 மி.மீ. பாதரசம் அளவுக்கு எதிர் அழுத்தம் கொடுத்துக் கசிவை இழுக்கும். ஆரம்பிப்பது மருத்துவர். வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு: குழாயில் பளிச்சென்று ரத்தம் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவமனை, இயந்திரம் 2 மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டால் அந்தக் கட்டை உள்ளே விடக்கூடாது, கழற்றி வேறு கட்டுப் போட வேண்டும். மின்வெட்டு நேரத்தில் பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று முன்பே கேட்டு வையுங்கள்.

ஈரம் வேண்டும் என்று இவ்வளவு சொன்னேனே, அதற்கு ஒரு விலக்கு உண்டு. ரத்த ஓட்டம் குறைந்த காலில், குதிகாலிலோ விரலிலோ, காய்ந்து கெட்டியாகக் கறுத்து, சுற்றிச் சிவப்போ கசிவோ இல்லாமல் இருக்கும் தோலை நனைக்கவே கூடாது. அது காய்ந்திருக்கும்வரை மூடிய கதவு. ஜெல் போட்டு ஊறவைத்தால் அடியில் அழுகி, கால் போகும் அளவுக்கு முற்றலாம். பீட்டாடைன் தடவிக் காயவிட்டு, உலர்ந்த காஸ் சுற்றி, ரத்தநாள மருத்துவரிடம் காட்டுங்கள்.

7. வைப்பது, ஒட்டுவது, சுற்றுவது

கட்டு புண்ணைவிட எல்லாப் பக்கமும் குறைந்தது 2 செ.மீ. பெரிதாக இருக்க வேண்டும். பள்ளத்தை நிரப்பும்போது தளர்வாக, தலையணைக்குப் பஞ்சு திணிப்பது போல அழுத்தாமல். அழுத்தினால் அடியில் ரத்த ஓட்டம் நின்றுவிடும், கசிவும் வெளியே வர வழி இருக்காது. முடிந்தவரை ஒரே நீளத் துண்டாக வைத்து நுனியை வெளியே விடுங்கள். இரண்டு துண்டு வைத்தால் "உள்ளே 2" என்று மேல்கட்டில் எழுதுங்கள். ஆறாத புண்ணுக்குள்ளிருந்து, எப்போதோ வைத்து மறந்த காஸ் துண்டை எடுத்த அனுபவம் எனக்கு உண்டு, அந்த வாடையை மறக்க முடியாது.

விரலையோ காலையோ சுற்றி டேப்பை வளையமாக ஒட்டாதீர்கள். இரவில் வீங்கினால் அதுவே கயிறாகிவிடும். கால்விரல்களுக்கு நடுவில் சின்னக் காஸ் துண்டு வையுங்கள், ஈரத்தில் தோலும் தோலும் உரசாது. பேண்டேஜ் விரல் பக்கத்திலிருந்து மேலே போக வேண்டும், முந்தின சுற்றில் பாதி மறையும்படி. மேலிருந்து கீழே சுற்றினால் பாதம் வீங்கும். விரல் நுனிகளை வெளியே விடுங்கள். அரைமணி கழித்து நகத்தை அழுத்திப் பாருங்கள், இரண்டு மூன்று நொடியில் சிவப்புத் திரும்பாவிட்டால், விரல் குளிர்ந்தோ நீலமாகவோ இருந்தால், அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள்.

8. எப்போது மாற்றுவது

தினமும் மாற்றினால் நல்லது என்ற நம்பிக்கை ரொம்ப ஆழமாக இருக்கிறது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் புண் குளிர்கிறது, ஆறும் வேலை சில மணி நேரம் தடைபடுகிறது, கிருமிக்கு ஒரு வாசல் கிடைக்கிறது. ஃபோமும் ஹைட்ரோகொலாய்டும் நன்றாக ஒட்டி, ஒழுகாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒழுகினால், ஓரம் கழன்றால், நனைந்தால், புதிதாக வலி வந்தால், காய்ச்சல் வந்தால் நாள் கணக்குப் பார்க்காமல் மாற்றுங்கள். தொற்று இருக்கும்வரை மட்டும் தினமும் பார்த்தாக வேண்டும். தையல் போட்ட காயத்தை முதல் 48 மணி நேரம் திறக்காதீர்கள், அதற்குள் மேல்தோல் பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

9. கட்டால் முடியாதவை

சர்க்கரைப் பாதப் புண்ணில் கட்டுக்கு 10 நிமிஷம் போதும், அந்தக் கால் மிச்ச நேரம் எங்கே ஊன்றப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அழகாகக் கட்டிவிட்டு நிமிர்ந்தால், தாத்தா அதே காலை ஊன்றித் தண்ணீர் குடிக்க நடந்துபோவார். பெருவிரலுக்கு அடியில் இருக்கும் புண் ஒவ்வொரு அடியிலும் நசுங்குகிறது. பாரம் படாமல் இருக்க மருத்துவர் மாவுக்கட்டுப் போன்ற வார்ப்போ தனிச் செருப்போ தருவார், அதை வீட்டுக்குள்ளேயும் போட வேண்டும். ஆறியபின் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு. சர்க்கரை அளவு இறங்காமல் எந்த விலைக் கட்டும் வேலை செய்யாது.

கணுக்காலுக்கு மேலே, கறுத்த தோலுக்கு நடுவில் வரும் சிரைப்புண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும். அதை ஆற்றுவது அழுத்தக் கட்டு, உள்ளே வைக்கும் தாள் இரண்டாம்பட்சம். ஆனால் அழுத்தக் கட்டுக்கு முன் காலின் தமனி ரத்த ஓட்டத்தைச் சோதிக்க வேண்டும்: கணுக்காலில் பார்த்த ரத்த அழுத்தத்தைக் கையில் பார்த்த ரத்த அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.8-க்குக் கீழே இருந்தால் முழு அழுத்தம் தரக்கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ரத்தக்குழாய் கெட்டியாகி அந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும், எனவே க்ரேப் பேண்டேஜை நீங்களாக இறுக்கிக் கட்ட வேண்டாம்.

படுக்கைப்புண்ணுக்கு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது. காற்றுப் படுக்கை வாங்கிவிட்டாலும் புரட்டத்தான் வேண்டும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வேண்டாம், ஓரத்தில் ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். சாப்பாட்டில் முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் கூட்டுங்கள், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்டு. படுத்த படுக்கையாக இருப்பவர் தமிழ்நாட்டில் என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வசதி உண்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் கொடுத்து வையுங்கள்.

10. கடைசியாக: குப்பையும் குறிப்பும்

அழுக்குக் கட்டைக் கையுறையோடு சேர்த்து உள்வெளியாகச் சுருட்டி, காகிதத்தில் சுற்றி, பையில் கட்டிப் போடுங்கள். ஊசியோ பிளேடோ இருந்தால் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் தனியாக, தூய்மைப் பணியாளர் கையில் குத்தாதபடி. மறுபடி கை கழுவுங்கள்.

மேல்கட்டில் தேதியைப் பேனாவால் எழுதுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, அதே வெளிச்சத்தில் படம் எடுங்கள். நீளம், அகலம், எந்தக் கட்டு, எவ்வளவு நனைந்தது என்று ஒரு நோட்டில் நாலு வரி. தினமும் பார்க்கும் கண்ணுக்குப் புண் மாறுவதே தெரியாது, நாலு வாரப் படத்தை வரிசையாக வைத்தால் தெரியும். சர்க்கரைப் பாதப் புண் 4 வாரத்தில் பாதியாவது சுருங்கியிருக்க வேண்டும். சுருங்கவில்லை என்றால் கட்டை மாற்றி மாற்றிப் பார்த்து இன்னொரு மாசம் போக்காமல், அந்த நோட்டையும் படங்களையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ரத்த ஓட்டம், எலும்பில் தொற்று, பாரம் இந்த மூன்றில் எது தடுக்கிறது என்று அவர் தேட வேண்டும்.